கலைக்கூடத் தொண்டும் உபகாரச் சம்பளமும்

விடுமுறைக் காலத்தில் கலைப் பொருட்காட்சிச் சாலைகளிற் சென்று தொண்டு புரியவும் பயிற்சி பெறவும் கலாசாலை மாணாக்கர் முன்வருதல் வேண்டுமென்று பலரும் கூறுகின்றனர். நாமும் அதனை மறுக்கவில்லை. ஆயின், அத்தொண்டு செய்ய யாரால் இயலும் என்னும் வினாவை எழுப்புவார் அரியர். கம்பம் பள்ளத்தாக்கிலிருந்து நோக்குவார்க்கு அவ்வினாவே முதற்கண் தோன்றும்.

1851-இல் நிறுவப்பெற்ற சென்னை அரசாங்கக் காட்சிச் சாலையைப் பொதுமக்கள் ‘செத்த காலேஜ்’ என்றும், 1855-இல் அதனைச் சார்ந்து தோன்றிய விலங்குக் காட்சிச் சாலையை ‘உயிர்க் காலேஜ்’ என்றும் வழங்கினர். பெயரிட்டோர் நகைச்சுவை மிக்கவரே! எனினும், அங்குள்ள பொருள்கள் செத்தனவல்ல, அவை நோயுறுவன. வெண்கலத் திருமேனியிற் படிந்த உப்பு, ஈரக்காற்றுப் பட்டதும் வெளிர்பச்சைத் தூளாய்ப் பூத்து உலோகத்தை அரிக்கும். அதனைத் தொடக்கத்திலேயே காண்பதற்குக் கூரிய கண்ணும் பொறுமையும் வேண்டும். கை வியர்வையும் கேடு செய்யுமாதலின் உறையணிந்தே பொருளைத் தொடுதல் முறை. ஒவ்வொன்றுக்கும் எண்ணிட்டு, கிடைத்த இடம், அளவு, பழுது ஆகியவற்றைப் பதிவேட்டில் எழுதுதல் வேண்டும். இடம் எழுதப்படாத சிலை ஊரும் பேரும் அற்றதாகிவிடும். பயிற்சிக்குச் செல்லும் மாணாக்கர் கற்கவேண்டுவன இத்தகைய பணிகளே.

தமிழ் பயில்வோர்க்கு இதிற் சிறப்பான பங்கொன்று உண்டு. நம் தேனி மாவட்டத்து ஆண்டிபட்டி வட்டத்தைச் சேர்ந்த புலிமான்கோம்பையில் 2006-இல் தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தார் தமிழ்ப் பிராமி எழுத்துப் பொறித்த நடுகற்களைக் கண்டெடுத்தனர். அவை கிறிஸ்துவுக்கு முற்பட்டவையென அறிஞர் கொள்வர். அவற்றுள் ஒன்றில் ‘ஆகோள்’ என்னும் சொல்லும் ‘கூடல் ஊர்’ என்னும் பெயரும் உள. (கம்பத்தை அடுத்த கூடலூரார் அதனைக் கேட்டுப் பெருமிதங் கொள்வரேல் அவர்மேற் குற்றமில்லை.) ஆநிரை கவர்தலைக் குறிக்கும் அச்சொல், தொல்காப்பியத்தில் வெட்சித் திணையின் துறைகளுள் ஒன்றாய் நாம் மனனஞ்செய்த சொல்லேயாம். இத்தகைய கல்லருகே ‘நடுகல்’ என்று மட்டும் எழுதி ஒட்டினால், காண வந்தவர் ஒரு நொடி நின்று அப்பாற் செல்வர். அச்சொல்லின் வரலாற்றை எளிய தமிழில் எடுத்துரைக்கும் மாணாக்கன் ஒருவன் அருகிருப்பின் அவர் நின்று கேட்பர்.

அம்மாணாக்கன் எங்கிருந்து வருவான்? இருப்புப்பாதை போடியோடு நின்றுவிடுகிறது. சென்னையோ 500 கிலோமீட்டருக்கும் அப்பாலுள்ளது. எம்முடன் பயில்வோருட் சிலர் விடுமுறையில் திராட்சைத் தோட்டங்களிற் குலையறுக்கின்றனர்; சிலர் விடியுமுன் ஜீப்பேறிக் குமுளி கடந்து ஏலத்தோட்டங்களுக்குச் செல்கின்றனர். அக்கூலியே மறு ஆண்டின் கட்டணமாகும். ஊதியமில்லாப் பயிற்சிக்கு அவர்களை அழைத்தல், கூலியையும் இழந்து அறைவாடகையும் கொடு என்பதேயன்றி வேறென்ன? நகரத்தில் வீடுடையார் பிள்ளைகளே அங்கே செல்வர். நாளை காட்சிச் சாலைகளிற் பதவி பெறுவோரும் பெரும்பாலும் அவரேயாவர்.

தொண்டுக்குக் கூலி கேட்பது இழிவன்றோ என்பர் சிலர். மிஷன் கலாசாலையாகிய நம்மிடத்தே தொண்டு என்னும் சொல்லுக்கு மதிப்பு மிகுதியாதலின் இவ்வாட்சேபத்தைப் புறக்கணித்தல் தகாது. உத்தியோகத்தினின்று ஓய்வு பெற்ற ஒருவர் வாரத்தில் ஒரு பொழுதைக் காட்சிச் சாலைக்கு மனமுவந்து ஈவரேல் அது தொண்டு. குறித்த நேரத்தில் வந்து குறித்த வேலையை மாதமுழுதும் செய்யும் மாணாக்கனது உழைப்பு அத்தன்மைத்தன்று. வட அமெரிக்கக் கலைக்கூடத் தலைவர்களின் சங்கம், பயிற்சி மாணாக்கர்க்கு ஊதியம் அளித்தல் வேண்டுமென 2019-இல் தீர்மானித்தது. செல்வத்திற் சிறந்த அந்நாட்டாரே ஏழை மாணாக்கன் வாயிலில் நின்றுவிடுவதை உணர்ந்தனராயின், நாம் உணராதிருத்தல் வியப்பே.

அரசாங்கம் செய்யட்டுமென்று காத்திருப்பதில் எமக்கு உடன்பாடில்லை. சென்னையிலும் தஞ்சையிலும் மதுரையிலும் நம் பழைய மாணாக்கர் பலர் வாழ்கின்றனர். அவருள் ஒருவர் ஒரு திங்களுக்கு ஓர் அறையும் இருவேளை உணவும் அளிக்க இசைவாராக. தோட்டத்திற் கிடைக்கும் கூலிக்குக் குறையாத உபகாரச் சம்பளத்தைக் கலாசாலை நிர்வாகத்தார் ஒதுக்குவாராக. தேர்ந்தெடுக்கும் பொறுப்பைத் தமிழ்த் துறையினர் ஏற்பின், வருகின்ற கோடைக்கே இருவரை அனுப்புதல் கூடும்.