சாஸ்திரமா, விஞ்ஞானமா?

ஸயன்ஸ் என்பதற்குத் தமிழில் என்ன சொல் என்று கேட்டால், நம் வீட்டுப் பெரியவர்கள் சாஸ்திரம் என்பார்கள். அவர்களுடைய பிள்ளைகள் விஞ்ஞானம் என்பார்கள். பேரப் பிள்ளைகள் அறிவியல் என்பார்கள். பரீட்சையில் மூன்றுக்கும் ஒரே மார்க்குத்தான். ஆனால் பொருளைத் துருவிப் பார்த்தால் மூன்றும் மூன்று திக்கில் போகின்றன.

லத்தீன் மொழியில் ‘ஸியன்ஷியா’ என்றால் அறிவு, அவ்வளவுதான். ஐரோப்பாவில் நெடுங்காலம் சமயத் தத்துவமும் அந்தப் பெயருக்குள் அடங்கியிருந்தது. நியூட்டன் 1687-ல் வெளியிட்ட தமது பெருநூலின் தலைப்பிலே இயற்கைத் தத்துவம் என்றுதான் குறித்தார். ‘ஸயன்டிஸ்ட்’ என்ற சொல்லோ 1833-ல் வில்லியம் ஹ்யூவெல் என்ற பேராசிரியர் உண்டாக்கியது. ஆகவே நியூட்டனுக்கு அந்தப் பட்டம் கிடைக்கவே இல்லை!

சாஸ்திரம் என்ற சொல்லின் வேர் ‘சாஸ்’ என்பது. கற்பித்தல் என்றும் கட்டளையிடுதல் என்றும் அதற்குப் பொருள். இந்த இரண்டாவது பொருளில்தான் சங்கடம் இருக்கிறது. நமது காவிரிக் கரை ஊர்களில் “சாஸ்திரம் சொல்லுகிறது” என்று ஒருவர் ஆரம்பித்துவிட்டால் அப்புறம் கேள்விக்கு இடமேது? ஸயன்ஸோ கேள்வியிலேதான் ஆரம்பமாகிறது. இருந்தும் 1916-ல் ராஜாஜி முதலியோர் சேலத்தில் கலைச்சொல் ஆக்கக் கூடியபோது, தங்கள் சங்கத்துக்குத் தமிழ் சாஸ்திர பரிபாஷைச் சங்கம் என்றே பெயரிட்டார்கள். அன்று கைக்கு எட்டிய சொல் அதுதான்.

விஞ்ஞானம் இதைவிடத் தேவலை. ‘வி’ என்ற முன்னொட்டு பிரித்தறிவதைக் குறிக்கும். ஆனால் பௌத்தர்கள் அதே சொல்லை ஐந்து கந்தங்களில் ஒன்றான உணர்வுக்கு வைத்துக்கொண்டார்கள். சொல்லுக்குப் பழைய குடித்தனக்காரர் உண்டு என்பதை மறக்கலாகாது.

தஞ்சையை 1798 முதல் 1832 வரை ஆண்ட சரபோஜி மன்னர் இந்த வம்பிலேயே மாட்டிக்கொள்ளவில்லை. தாம் ஏற்படுத்திய பாடசாலைக்கு ‘நவவித்யா கலாநிதி சாலை’ என்று பெயர் வைத்தார். நவவித்யா என்றால் புதிய வித்தை. பழைய வித்தையை அவர் தள்ளிவிடவுமில்லை. ஓலைச் சுவடிகளும் ஐரோப்பிய நூல்களும் சரஸ்வதி மஹாலில் சேர்ந்தே இருக்கின்றன.

நமது கட்சி அறிவியல்தான். அறிவு, இயல் என்று பிரித்துச் சொன்னால் சிறு குழந்தைக்கும் விளங்கும். லத்தீன் சொல்லுக்கும் அதுவே மிக நெருக்கம். 1981-ல் தஞ்சையில் தோன்றிய தமிழ்ப் பல்கலைக்கழகமும் தனது கலைக்களஞ்சியத்துக்கு அறிவியல் களஞ்சியம் என்றே பெயர் சூட்டியது. யாழ்ப்பாணத்துப் பள்ளிப் பிள்ளைகள் மட்டும் இன்றும் விஞ்ஞானம்தான் படிக்கிறார்கள். நாம் ஆக்ஸிஜன் என்பதை அவர்கள் ஒட்சிசன் என்கிறார்கள். அந்த வழக்கைப் பிறிதொரு வாரம் விசாரிப்போம்.