ஜனாப் என்னும் சொல்



திருவண்ணாமலை தாலுகா அலுவலகத்தில் ஜமாபந்தி நாளன்று மனுவோடு நிற்கும் குடியானவர், "தாசில்தாரைப் பார்க்க வேண்டும்" என்பார். பாரசீகம் கலந்த சொல்லைத் தாம் உச்சரிப்பதாக அவர் எண்ணியிருக்க மாட்டார். ஆர்க்காட்டு நவாபுகளின் ஆட்சிமொழி பாரசீகம். 1801-இல் கர்நாடகப் பிரதேசம் கும்பெனியார் வசமான பின்னரும் அச்சொற்கள் கச்சேரிகளை விட்டு அகலவில்லை. பெயர்ப்பலகையில் ‘வட்டாட்சியர்’ என்றிருந்தாலும் மக்கள் நாவில் தாசில்தாரே நிலைத்திருக்கிறார்.

கணக்குச் சொற்கள் கிடக்கட்டும். மரியாதைச் சொற்களைக் கவனியுங்கள். திருமண அழைப்பிதழில் நாம் அச்சிடும் ‘ஜனாப்’ என்பதற்கு ‘பக்கம்’, ‘வாயில்’ என்பனவே மூலப்பொருள். ‘ஹஜ்ரத்’ என்றால் ‘சந்நிதி’. பெரியவரை நேராக விளிக்கக் கூசி, அவர் இருக்கும் இடத்தை விளிக்கும் பண்பு இது. சொற்கள் அரபியில் பிறந்தவை. அவற்றை மரியாதை விளிகளாக நம் நாட்டில் பரப்பியதில் பாரசீகத்திற்குப் பெரும் பங்குண்டு. சைவ மடத்துத் தலைவரைச் ‘சந்நிதானம்’ என்றழைக்கும் வழக்கத்தை அறிந்த நம்மூராருக்கு இது புதுமையன்று.

ஈரானியர் இவ்வகை உபசாரத்தைத் ‘தஆரொஃப்’ என்பர். கடைக்காரரிடம் விலை கேட்டால், "தங்களுக்கு முன் இதற்கு என்ன மதிப்பு!" என்பார். அதை நம்பிப் பொருளோடு நடையைக் கட்டிவிடலாகாது. வற்புறுத்திப் பணம் தரவேண்டும். விருந்தினரும் முதல் அழைப்பை மறுப்பார். அது உண்மை மறுப்பா, உபசார மறுப்பா என்பதை மீண்டும் மீண்டும் கேட்டே அறிய வேண்டும். விருந்துக்கு வராதவரிடம், "தங்கள் இடம் காலியாக இருந்தது" என்பர். அந்தக் ‘காலி’ நாம் அன்றாடம் சொல்லும் அதே காலிதான்!

சொற்களைப் பெற்ற நாம் அவற்றின் உட்குறிப்பைப் பெற்றோமா? சில ஆண்டுகளுக்கு முன் உர்து பேசும் பெரியவர் ஒருவர் நண்பகலில் எம் இல்லம் வந்தார். உண்ண அழைத்தேன். "வேண்டாம், தங்களுக்கு ஏன் சிரமம்?" என்றார். சொன்னதை அப்படியே ஏற்பதுதான் நேர்மை என்றெண்ணி விட்டுவிட்டேன். அன்று மாலை வரை அவர் பசியோடிருந்தார் என்பது பின்னரே தெரிய வந்தது. எனக்கு ஏற்பட்ட வெட்கம் கொஞ்சமன்று.

அடுத்த முறை அவர் வந்தபோது என் துணைவியார் ஒன்றும் கேட்கவில்லை. ஸுப்ராவை விரித்துத் தட்டை வைத்த பிறகே அழைத்தார். "தங்களுக்கு ஏன் சிரமம்?" என்று சொல்லிக்கொண்டே அமர்ந்தார் பெரியவர்.