வீரம் மட்டும் போதாது!



கடை தீப்பிடித்து எரியும்போது எல்லோரும் வெளியே ஓடி வருவார்கள். உள்ளே ஓடுபவர்கள் தீயணைப்பு வீரர்கள் மட்டும்தான். அப்படி உள்ளே போனவர் உயிரோடு திரும்பி வருவது யார் கையில் இருக்கிறது என்று என்றைக்காவது சிந்தித்ததுண்டா? அமெரிக்காவின் சார்லஸ்டன் நகரம் இதைத் தெரிந்துகொள்ள ஒன்பது உயிர்களைப் பறிகொடுத்தது.

தென் கரோலினா மாநிலத்தின் கடலோரத்தில் உள்ள சார்லஸ்டன், 1670ல் உருவான பழம்பெரும் ஊர். தீ அதற்குப் புதிதல்ல. 1740ல் மூண்ட தீயில் 300க்கும் மேற்பட்ட கட்டடங்கள் சாம்பலாயின. அதற்குச் சில ஆண்டுகள் முன்பு ஊர்மக்களே கூடித் தொடங்கியிருந்த தீக்காப்பீட்டுச் சங்கமும் அந்த நஷ்டத்தில் மூழ்கிப் போனது. 1838லும் 1861லும் மீண்டும் பெருந்தீ. 1882 முதல் சம்பளம் பெறும் தீயணைப்புத் துறை அங்கே இயங்கி வருகிறது. பழைய கட்டடங்களைக் காக்க 1931ல் அமெரிக்காவிலேயே முதன்முதலாகத் தனி வட்டாரம் வகுத்துச் சட்டம் போட்டதும் இந்த நகரம்தான்.

இத்தனை அனுபவமுள்ள ஊரில்தான் அந்தக் கொடுமை நடந்தது. 2007 ஜூன் 18 மாலை. நெடுஞ்சாலையோரம் இருந்த பெரிய சோபாக் கடை ஒன்றில், சரக்கு இறக்கும் இடத்தில் கிடந்த குப்பையில் தீப்பற்றியது. வீரர்கள் விரைந்து வந்தார்கள். பின்புறம் சிக்கிக்கொண்ட ஊழியர் ஒருவரைச் சுவரை உடைத்துக் காப்பாற்றினார்கள். ஆனால் சோபாக்களுக்குள் இருந்த நுரைப்பஞ்சு கக்கிய கரும்புகை, கூரைக்கும் உட்கூரைக்கும் இடையே கண்ணுக்குத் தெரியாமல் சேர்ந்துகொண்டிருந்தது. சில நிமிடங்களில் கடை முழுவதும் தீப்பிழம்பானது, கூரை சரிந்தது. உள்ளே வழி தெரியாமல் தவித்த ஒன்பது வீரர்கள் திரும்பவே இல்லை!

குற்றம் யாருடையது? விசாரணைகள் இரு பக்கமும் விரல் நீட்டின. அந்தக் கட்டடத்தில் தானாகத் தண்ணீர் தெளிக்கும் ஸ்பிரிங்ளர் கிடையாது. அது கட்டப்பட்ட காலத்துச் சட்டம் அதைக் கட்டாயமாக்கவில்லை. சரக்கு இறக்கும் இடம் அனுமதியின்றி அடைத்துக் கட்டப்பட்டிருந்தது. தீ பரவாமல் தடுக்க வேண்டிய ஷட்டர் கதவுகளில் சில மூடிக்கொள்ளவில்லை. சரக்கு இறக்கும் இடத்தில் ஸ்பிரிங்ளர் இருந்திருந்தால் தீ அங்கேயே அடங்கியிருக்கும் என்பதே அமெரிக்க அரசின் ஆய்வு நிறுவனம் சொன்ன முடிவு.

தீயணைப்புத் துறையும் தப்பவில்லை. குறுகிய குழாய்களில் போதுமான தண்ணீர் வரவில்லை. உள்ளே சிக்கியவர்கள் வயர்லெஸ்ஸில் எழுப்பிய அபயக்குரல் உரிய நேரத்தில் கவனிக்கப்படவில்லை. பயிற்சியும் நடைமுறையும் காலத்துக்குப் பின்தங்கியிருந்தன. வீரத்துக்குக் குறைவில்லை, அந்த வீரத்தை வழிநடத்தும் முறைதான் இல்லை! நகர நிர்வாகமே நியமித்த நிபுணர் குழு, 2008ல் இதை ஒளிவுமறைவின்றி எழுதிக் கொடுத்தது. துறைத் தலைவர் அந்த ஆண்டே பதவி விலகினார். பயிற்சி, கருவிகள், கட்டளை முறை எல்லாம் மாற்றியமைக்கப்பட்டன. கடை இருந்த இடத்தில் இன்று ஒன்பது பேருக்கும் நினைவிடம் இருக்கிறது. தன் குறையைத் தானே விசாரித்து வெளியிட அந்த நகரம் தயங்கவில்லை என்பதைப் பாராட்டத்தான் வேண்டும்.

வணிகர்களே! சட்டம் கேட்கவில்லை என்பதற்காகத் தீ விட்டுவிடுமா? இன்று இரவு ஷட்டரை இறக்குமுன் ஒருமுறை கடையைச் சுற்றிப் பாருங்கள். பின்வாசலை மறித்து அட்டைப் பெட்டிகள் அடுக்கப்பட்டுள்ளனவா? குடோனுக்கும் கடைக்கும் நடுவே நீங்களாகப் போட்ட தகரக்கூரை எத்தனை? மின்சாரம் எங்கே துண்டிப்பது என்று கடைப் பையனுக்குத் தெரியுமா?

இளைஞர்களே! விபத்து நடந்த பின் கூட்டம் கூடுவதில் பயனில்லை. உங்கள் ஊர்த் தீயணைப்பு நிலையத்துக்கு இப்போதே சென்று பேசுங்கள். கடைத்தெருவில் ஒரு பயிற்சி நடத்தித் தரக் கேளுங்கள். அவர்களுக்கு என்ன கருவி குறைவு என்று விசாரித்து, அதை நகராட்சியிடமும் அரசிடமும் வலியுறுத்துங்கள்.

நம் கடையைக் காப்பாற்ற ஓடி வருபவருக்கும் வீட்டில் பிள்ளைகள் காத்திருக்கிறார்கள். அதை மறந்துவிட்டு வியாபாரம் செய்வது நமக்கு அழகல்ல!