நெல்வயலும் மூளைக்காய்ச்சலும்

1934இல் மேட்டூர் அணை திறந்தது. கல்லணைக் கால்வாய் வழியே பட்டுக்கோட்டைச் சீமையின் வறண்ட நிலங்களுக்கும் காவிரி வந்தது. அதன் பின்னாலேயே மலேரியாவும் வந்தது. ராக்ஃபெல்லர் அறக்கட்டளையின் பால் ரஸ்ஸல் அந்த வட்டாரத்துக் கொசுக்களை ஆராய்ந்தது அப்போதுதான். புதுத் தண்ணீரோடு புது நோயும் வரும் என்பதைத் தஞ்சை அன்றே கண்டுகொண்டது.

அப்படிப்பட்ட மண்ணை ஜப்பானிய மூளைக்காய்ச்சல் பெரிதாகத் தொடாமல் விட்டது எப்படி? இந்தியாவில் இந்நோய் முதலில் இனங்காணப்பட்டதே தமிழ்நாட்டில்தான்: 1955, வேலூர். இதைப் பரப்பும் கியூலெக்ஸ் கொசு நெல்வயல் நீரில் முட்டையிடுகிறது. கொக்கு, நாரைகளிடமிருந்து கொசு வழியாகப் பன்றிக்குப் போகும் வைரஸ், அதன் ரத்தத்தில் பெருகி மறுபடி கொசுவுக்கு ஏறுகிறது. வழியில் மனிதரும் அகப்படுகிறார்கள். வயல், கொக்கு, கொசு எதற்கும் டெல்டாவில் பஞ்சமில்லை. ஆனால் கடலூர், விழுப்புரம் பக்கம் இந்நோயால் கண்ட துயரம் இங்கே நேரவில்லை.

2000இல் வெளியான ஓர் ஆய்வு, தஞ்சைக் கிராமப் பிள்ளைகளிடம் இத்தொற்று குறைவு என்று காட்டியது. அங்கே பன்றி ஒன்றுக்கு மாடுகள் சுமார் 400. கொசு பெரும்பாலும் மாட்டையே கடிக்கிறது; மாட்டின் ரத்தத்தில் இந்த வைரஸ் அடுத்த கொசுவுக்குத் தொற்றும் அளவுக்குப் பெருகுவதில்லை. யாரும் திட்டமிடாத காவல் இது. உழவு மாடுகளின் இடத்தை டிராக்டர் பிடித்துவிட்ட இன்று, அந்தப் பழைய கணக்கை மறுபடி போட்டுப் பார்த்தாக வேண்டும்.

இதில் பெரியவர்களைப் பற்றித்தான் என் கவலை. நோய் நிலைத்த ஊர்களில் சிறுவயதிலேயே தொற்று வந்துபோய் எதிர்ப்புசக்தி தங்கிவிடுகிறது. சிறுவயதில் தொற்றே காணாதவர்களுக்கு அந்தப் பாதுகாப்பு ஏது? தடுப்பூசியோ முக்கியமாகப் பிள்ளைகளுக்கானது. தொற்றியவர்களில் சுமார் 250 பேருக்கு ஒருவருக்கே கடும் நோய் வரும் என்பது உண்மை. ஆனால் அப்படி விழுபவர்களில் பத்துக்கு மூன்று பேர் வரை இறக்கிறார்கள். பிழைத்தவர்களில் பலருக்குக் கைகால் முடக்கம், வலிப்பு, நினைவுக் குழப்பம் நிரந்தரமாகிறது. வைரஸைக் கொல்லும் மருந்து இன்னும் இல்லை.

வயலைக் காய்ச்சலும் பாய்ச்சலுமாக நடத்தினால் கொசுப்புழு குறையும் என்று தமிழ்நாட்டிலேயே சோதித்துக் காட்டியிருக்கிறார்கள். முறைத் தண்ணீர் நம்பும்படி வந்தால்தான் விவசாயி வயலைக் காயவிடத் துணிவார்.

வயலில் மட்டுமல்ல, மருத்துவமனையிலும் கவனம் வேண்டும். காய்ச்சலோடு பேச்சுக் குழறி, நடத்தை மாறி வருகிற நாற்பது வயதுக்காரரை மதுவென்றோ மனநோயென்றோ ஒதுக்கக் கூடாது. ஊசி போட்டு முதுகிலிருந்து நீர் எடுப்பதென்றால் குடும்பங்கள் அஞ்சுகின்றன. ஆனால் ஜப்பானிய மூளைக்காய்ச்சலா என்று சொல்லும் ஐஜிஎம் எதிர்ப்பொருள் சோதனைக்கு அந்த நீரே சிறந்தது. இதே அறிகுறிகளைத் தரும் ஹெர்பிஸ் வைரஸா, காசநோயா என்று துப்புக் கிடைப்பதும் அதில்தான். உண்ணிக்காய்ச்சலா என்று அறிய, அக்குளிலோ இடுப்பிலோ கறுத்த பொருக்கு இருக்கிறதா என்று தேட வேண்டும். ஹெர்பிஸுக்கு அசைக்ளோவிர் உண்டு, உண்ணிக்காய்ச்சலுக்கு டாக்ஸிசைக்ளின் உண்டு, காசநோய்க்குப் பல மாதச் சிகிச்சை உண்டு. இவை மூன்றிலும் முதல் சில நாட்களிலேயே மருந்தைத் தொடங்கினால் மூளையைக் காப்பாற்ற வழியிருக்கிறது.