கப்பலும் கரையும்

நுழையும்முன்

போசரியில் வாழும் மாணவர்க்குக் கடல் நெடுந்தொலைவில் உள்ளதன்று. சஹ்யாத்ரி மலையைக் கடந்து இறங்கினால் கொங்கணக் கரை வந்துவிடும். அத்தகைய கரைகளைக் காணச் செல்லும் உல்லாசக் கப்பல்களைப் பற்றிய கருத்துரையே இப்பாடம்.

நார்வே நாட்டின் மேற்குக் கரையில் கடல், செங்குத்தான மலைகளுக்கிடையே நெடுந்தொலைவு உட்புகுந்து கிடக்கிறது. பனியாறுகள் குடைந்த ஆழ்ந்த பள்ளத்தாக்குகளில் கடல்நீர் நிறைந்ததால் உண்டான இந்நீர்வழிகளை ஃபியோர்டு என்பர். அவற்றுள் கெய்ராங்கர், நேரோய் என்னும் இரண்டும் 2005-ஆம் ஆண்டு யுனெஸ்கோவின் உலக மரபுப் பட்டியலில் இடம்பெற்றன. அவற்றின் எழிலைக் காணப் பல நாட்டினரும் பெருங்கப்பல்களில் செல்கின்றனர்.

கொங்கணத்திலும் கடல் நிலத்தினுள் புகுகிறது. சஹ்யாத்ரியில் தோன்றும் சாவித்திரி, வாசிஷ்டி, சாஸ்திரி ஆகிய ஆறுகள் அரபிக்கடலைச் சேருமிடங்களில் நீண்ட கழிகள் உள்ளன. தமிழர் கழி என்பதை மராத்தியர் காடி என்பர். இவை பனியாறு குடைந்தவை அல்ல. ஆயினும் எழிலில் குறைந்தவையும் அல்ல.

இக்கரையில் முற்காலத்தில் நீராவிக் கப்பல்கள் ஓடின. மும்பையில் புறப்பட்ட அவை இரத்தினகிரி, விஜயதுர்க், மால்வண் முதலிய துறைகளில் நின்று சென்றன. ஆலைத் தொழிலாளர் விழாக்காலத்தில் ஊர் திரும்ப அவையே துணைநின்றன. கரையும் கப்பலும் ஒன்றையொன்று சார்ந்து வாழ்ந்தன. 2018-ஆம் ஆண்டு அக்டோபரில் மும்பைக்கும் கோவாவுக்கும் இடையே ஆங்கிரியா என்னும் உல்லாசக் கப்பல் விடப்பட்டது. அது மாலையில் புறப்பட்டு மறுநாள் காலையில் கோவாவை அடைந்தது. இடையிலுள்ள ஊர்கள் இருளில் கடந்து சென்றன.

எண்ணிப் பார்க்க வேண்டிய செய்தி இதுவே. உல்லாசக் கப்பல் கரையின் அழகைக் காட்டியே பயணிகளை ஈர்க்கிறது. ஆனால், உணவும் உறக்கமும் கேளிக்கையும் கப்பலிலேயே அமைந்துவிடுவதால், பயணிகள் செலவிடும் பணத்தில் பெரும்பகுதி கரையை எட்டுவதில்லை. புகையும் கழிவும் நெரிசலும் மட்டும் கரைவாழ் மக்களுக்கு எஞ்சுகின்றன.

பயன் ஏதும் இல்லை என்று கூறலாகாது. துறைமுகப் பணியாளர், வழிகாட்டிகள், வண்டி ஓட்டுவோர் எனப் பலர்க்கு வேலை கிடைக்கிறது. உல்லாசக் கப்பல் பயணிகளின் எண்ணிக்கையை 2029-க்குள் இரட்டிப்பாக்கும் நோக்குடன் இந்திய அரசு 2024-இல் குரூஸ் பாரத் திட்டத்தைத் தொடங்கியதும் இவ்வளர்ச்சி கருதியே. வளர்ச்சி வேண்டியதே, வரம்பும் உடன் வேண்டும்.

பிற நாடுகள் இதனைக் காலம் தாழ்த்தியே உணர்ந்தன. மரபுரிமை ஃபியோர்டுகளில் 2026-க்குள் மாசு வெளியிடாத கப்பல்களே செல்ல வேண்டும் என 2018-இல் நார்வே நாடாளுமன்றம் தீர்மானித்தது. இத்தாலியின் வெனிஸ் நகரில், நகர்நடுவே அமைந்த ஜியுதெக்கா கால்வாயில் பெருங்கப்பல்கள் செல்ல 2021 ஆகஸ்டில் தடை விதிக்கப்பட்டது. கேடு சூழ்ந்தபின் அவர்கள் வகுத்த விதிகளை, கேடு வருமுன்னரே வகுக்கும் வாய்ப்பு நமக்கு உள்ளது.

ஆகவே, கப்பல்கள் சிறு துறைகளிலும் நின்று செல்லுதல் வேண்டும். அவ்வூர் மீனும் அரிசியும் மாம்பழமும் கப்பலின் சமையலறைக்குச் செல்லுதல் வேண்டும். கழிவு கடலில் கலவாதிருத்தல் வேண்டும். மீனவர் வலைவிரிக்கும் கழிகளில் எத்தனை கப்பல்கள் புகலாம் என்பதை அம்மீனவரையும் கேட்டே முடிவு செய்தல் வேண்டும். பயணி ஒருநாளில் திரும்பிவிடுவார். கரையில் வாழ்வோர் அங்கேயே இருப்பர். அவர்களுக்கு நன்மை தரும் பயணமே நல்ல பயணம்.

சொற்பொருள்
கழி – கடல்நீர் உட்புகுந்த நீர்வழி
துறை – கப்பல், படகு நிற்குமிடம்
எழில் – அழகு

சிந்தனை வினா
உல்லாசக் கப்பல்களால் கரையோர ஊர்களுக்கு விளையும் நன்மை தீமைகளை ஒப்பிட்டு, உம் கருத்தை ஒரு பத்தியில் எழுதுக.