மலை ரயிலில் யாருக்கு இடமில்லை?

ஊட்டி மலை ரயிலில் போயிருக்கிறீர்களா? போயிருந்தால் அந்தப் பழைய மரப்பெட்டியை ஒரு நிமிடம் நினைத்துப் பாருங்கள். எதிரெதிரே பெஞ்சுகள். ஒவ்வொரு அறைக்கும் குறுகலாகத் தனிக் கதவு. பெட்டிக்கு உள்ளேயே நடந்து அடுத்த அறைக்குப் போக வழி கிடையாது. பிளாட்பாரத்திலிருந்து கம்பியைப் பிடித்து, படியில் கால் வைத்து ஏற வேண்டும்.

கால் வைத்து. பிரச்னையே அங்கேதான் ஆரம்பிக்கிறது.

சக்கர நாற்காலியில் வருகிறவர் இதில் எப்படி ஏறுவார்? இரண்டு பேர் கைத்தாங்கலாகத் தூக்கி உள்ளே வைக்க வேண்டும். பிளாட்பாரமே வேடிக்கை பார்க்கும். மூட்டை மாதிரி ஏற யாருக்கு மனசு வரும்? 'நீங்க ரயில்ல வாங்க, நான் கார்ல வந்துடறேன்' என்று சொல்லிவிட்டுச் சிரிப்பதைத் தவிர அவருக்கு வேறு வழியில்லை.

இதைப் பேசினால் உடனே ஒரு பதில் வரும். 'சார், இது யுனெஸ்கோ அங்கீகரித்த பாரம்பரியச் சின்னம். இதுல எல்லாம் கை வைக்க முடியாது.'

அப்படியா?

யுனெஸ்கோ அங்கீகாரம் கிடைத்தது 2005-ல். அதற்குப் பிறகு யாருமே கை வைக்கவில்லையா? நிலக்கரியில் ஓடிய இஞ்சின்களை எண்ணெயில் ஓடும்படி மாற்றினோம். பழைய இஞ்சின்கள் களைத்துப்போனதும் திருச்சி பொன்மலைப் பணிமனையில் அதே மாதிரி புது நீராவி இஞ்சின்களையே செய்தோம். குன்னூரிலிருந்து ஊட்டிக்கு டீசல் இஞ்சின்தான் இழுக்கிறது. பாரம்பரியம் ஒன்றும் கோபித்துக்கொள்ளவில்லை. நமக்கு வசதி என்றால் பாரம்பரியம் வளைந்து கொடுக்கிறது. இன்னொருவருக்கு வசதி என்றால் மட்டும் விறைத்துக்கொள்கிறது!

திறமை இல்லை என்றும் சொல்ல முடியாது. 1855-ல் இங்கிலாந்தில் செய்த ஒரு நீராவி இஞ்சினுக்கு 2010-ல் நம் பெரம்பூர் லோகோ பணிமனையில் உயிர் கொடுத்து ஓட வைத்தார்கள். 155 வயது இஞ்சினை ஓட வைத்த கைகளுக்கு ஒரு கதவை அகலப்படுத்தத் தெரியாதா?

சட்டம் என்ன சொல்கிறது? 1995-ல் வந்த மாற்றுத்திறனாளிகள் சட்டமே ரயில் பெட்டிகளைச் சக்கர நாற்காலிக்கு ஏற்றபடி அமைக்கச் சொன்னது. கூடவே 'பொருளாதார சக்திக்கு உட்பட்டு' என்று ஒரு வாலையும் ஒட்டிவைத்தது. 2016-ல் வந்த புதுச் சட்டத்தின் 41-வது பிரிவு இன்னும் தெளிவு. பழைய வாகனங்களையும் மாற்றியமைக்க வேண்டும் என்கிறது. ஆனால் வால் இப்போது மூன்றாகிவிட்டது. தொழில்நுட்பரீதியாக முடியணும், கட்டுப்படியாகணும், அமைப்பில் பெரிய மாற்றம் இருக்கக்கூடாது. இந்த மூன்று ஓட்டைகள் வழியாக ஒரு யானையே போகலாம். சக்கர நாற்காலிதான் போக முடியவில்லை.

இடையில் 2010-ல் தமிழக அரசு 'ஊனமுற்றோர்' என்ற சொல்லை விட்டுவிட்டு 'மாற்றுத்திறனாளிகள்' என்று அழைக்கச் சொன்னது. நல்ல காரியம். பெயர்ப் பலகையை மாற்றிய வேகத்தில் படிக்கட்டுகளை மாற்றியிருந்தால் இன்னும் நன்றாக இருந்திருக்கும்.

இங்கிலாந்தும் யோக்கியம் இல்லை. அங்கே பல வருடங்கள் சக்கர நாற்காலிப் பயணிகளை கார்டு வேனில், பார்சல்களுக்குப் பக்கத்தில்தான் அழைத்துப் போனார்கள். ஆனால் இன்று அங்கே யார்க்‌ஷயரில் பிக்கரிங் ஊரிலிருந்து ஓடும் பாரம்பரிய ரயிலில், பழங்காலப் பெட்டிகளைப் புதுப்பிக்கும்போதே சக்கர நாற்காலிக்கும் இடம் செய்திருக்கிறார்கள். அதற்கு லாட்டரிப் பணத்திலிருந்து மானியமும் கிடைத்தது. அதை நடத்துவது ஒரு அறக்கட்டளை. வேலை செய்கிறவர்களில் பலர் சம்பளம் வாங்காத தொண்டர்கள். அவர்களால் முடிந்தது, இத்தனை பெரிய இந்திய ரயில்வேயால் முடியாதா?

வேலை ஒன்றும் ராக்கெட் விடுகிற சமாசாரம் இல்லை. ஒரு பழைய பெட்டியில் ஓரத்து அறையின் பெஞ்சை எடுக்க வேண்டும். ஒற்றைக் கதவை, அதே மரத்தில், அதே சாயலில் இரட்டைக் கதவாக்க வேண்டும். மடக்கி வைக்கக்கூடிய ஒரு சாய்தளம். 12 அடிக்கு ஓர் அடி ஏறுகிற பாதை என்பதால், நாற்காலி உருளாமல் தரையோடு பிணைக்கக் கொக்கியும் பட்டையும். வெளியே நின்று பார்த்தால் வித்தியாசமே தெரியாதபடி செய்யலாம்.

'எத்தனை பேர் வரப்போறாங்க? கட்டுப்படியாகாதே' என்பார்கள். காமர்ஸ் படித்தவன் என்ற முறையில் ஒரு கணக்கு சொல்கிறேன். கதவையே மூடி வைத்துவிட்டு, வாடிக்கையாளர் வரவில்லை என்று எந்தக் கடைக்காரரும் லெட்ஜரில் எழுத மாட்டார். 2011 கணக்கெடுப்புப்படி தமிழ்நாட்டில் மாற்றுத்திறனாளிகள் சுமார் 11.8 லட்சம் பேர். யாரும் தனியாக ஊட்டிக்குப் போவதில்லை. அப்பாவால் ஏற முடியாத வண்டியில் குடும்பமே ஏறாது. போகாத டிக்கெட் ஒன்றல்ல, நாலு. வயசான பாட்டி, முட்டி தேய்ந்த தாத்தா, தள்ளுவண்டியில் குழந்தையோடு வரும் தாய் எல்லோருக்கும் அந்த அகலக் கதவு உதவும். நாளைக்கு உங்களுக்கும் எனக்கும்கூட.

ஒவ்வொரு வண்டியிலும் இப்படி ஒரே ஒரு பெட்டி. கேட்பது அவ்வளவுதான்.

அடுத்த முறை மேட்டுப்பாளையத்தில் டிக்கெட் எடுக்கும்போது, 'சக்கர நாற்காலியோட ஏற எந்தப் பெட்டி?' என்று கேளுங்கள். சரியான பதில் வராவிட்டால் புகார்ப் புத்தகத்தை வாங்கி எழுதுங்கள். சேலம் கோட்ட மேலாளருக்கும் ஒரு கடிதம் போடுங்கள். கால் இருக்கிறவர்கள் கேட்டால்தான் இந்த நாட்டில் சில கதவுகள் திறக்கின்றன என்பது வெட்கக்கேடுதான். இருந்தாலும் கேளுங்கள்.