சந்தேகம் யார் மீது? கொள்ளை எங்கே?



சூலூருக்குத் தொலைவில்லை, பல்லடத்தை அடுத்த சேமலைகவுண்டம்பாளையம். 2024 நவம்பர் 28 நள்ளிரவு, அங்கே ஒரு தோட்டத்து வீட்டில் தாய், தகப்பன், மகன் மூவரும் கொடூரமாகக் கொல்லப்பட்டனர். நகை போனது.

மறுநாள் நம் டீக்கடைகளில் என்ன பேசினோம்? "வடக்கேயிருந்து வந்தவன் வேலைதான்" என்றோம். சாட்சி உண்டா? இல்லை. தறிக்கூடத்தில் இராப்பகலாக உழைக்கும் பீகாரியையும் ஒடிசாக்காரனையும் முறைத்துப் பார்த்தோம்.

ஐந்து மாதம் கழித்து, 2025 ஏப்ரல் கடைசியில், ஈரோடு மாவட்டம் சிவகிரி அருகே தனியாக இருந்த முதிய தம்பதி அதேபோல் கொல்லப்பட்டனர். மே மாதம் போலீஸ் பிடித்தது யாரை? அறச்சலூர்ப் பக்கத்து ஆட்களை! நகையை வாங்கி உருக்கியதாக ஒரு நகைத் தொழிலாளியையும் பிடித்தார்கள். பல்லடம் கொலையும் இவர்கள் செய்ததே என்கிறது காவல்துறை. வழக்கு நீதிமன்றம் முடிவு செய்யட்டும். ஆனால் நம் டீக்கடைத் தீர்ப்பு என்னவாயிற்று?

இந்த வலி நமக்குத் தெரியாததா? 1998 பிப்ரவரி 14 குண்டுவெடிப்பில் 58 உயிர்கள் பறிபோயின. வைத்தவன் குற்றவாளி, அதில் இரண்டு பேச்சில்லை. அதன் பிறகு ஒரு சமுதாயமே சந்தேகப் பட்டியலில் ஏறியது. அன்று நான் மதரஸா மாணவன். தொப்பியோடு பஸ் ஏறினால் பக்கத்து இருக்கை காலியாகவே வரும். வாடகைக்கு வீடு கேட்டால், "ஆள் வந்துட்டாங்க" என்பார்கள். அதை அனுபவித்த நாமே இன்னொருவனை அப்படிப் பார்க்கலாமா?

கொங்கு நாட்டில் வீடு ஊருக்குள் இல்லை, தோட்டத்துக்குள் இருக்கிறது. பிள்ளைகள் கோவையிலும் திருப்பூரிலும். கிழவனும் கிழவியும் நாயும் மட்டும் தோட்டத்தில். கூப்பிட்டால் கேட்கும் தூரத்தில் ஆளில்லை. அவர்களிடம் போய் செயலியைப் பதிவிறக்கு என்கிறார்கள். பட்டன் போனில் எங்கே இறக்குவது?

கேட்க வேண்டியது இதுதான்: தனித்த தோட்டத்து வீடுகளின் பட்டியல் சூலூர் காவல் நிலையத்தில் இருக்கிறதா? இரவு ரோந்து நெடுஞ்சாலையோடு திரும்பிவிடுகிறதா, இட்டேரிக்குள்ளும் நுழைகிறதா? வாசலில் கையெழுத்து நோட்டு உண்டா? திருட்டு நகை வாங்குகிறவர்களைக் கண்காணிப்பது யார்?

விவசாயச் சகோதரர்கள் இதற்கு மனுக் கொடுக்கப் போனால் ஜமாஅத்தாரும் உடன் போங்கள். தறிக்கூடத் தொழிலாளியையும் கூட்டிப் போங்கள்.